ஐரோப்பாவின் கதவைத் திறந்தவர், மூன்று வாரத்தில் பதவி இழந்தவர்

1980-களின் முதல் பாதியில் ஸ்பெயினில் வளர்ந்தவர்களிடம் "மொரான் ஜோக்" என்று சொன்னால் போதும், உடனே சிரிப்பார்கள். காபிக் கடையிலும் அலுவலகத்திலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் புதிது புதிதாக ஒன்று முளைத்துக்கொண்டே இருந்த காலம் அது. எல்லாவற்றிலும் நாயகன் ஒருவரே: கனத்த மூக்குக்கண்ணாடி அணிந்த, எதையும் தாமதமாகப் புரிந்துகொள்கிற, நினைப்பை எங்கோ தொலைத்துவிட்டு நிற்கிற ஒரு வெளியுறவு அமைச்சர்.

நாடு இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது ஃபெர்னான்டோ மொரான் செய்துகொண்டிருந்த வேலை, இருபதாம் நூற்றாண்டில் எந்த ஸ்பானிய வெளியுறவு அமைச்சரும் செய்யாதது. இரு நூறு ஆண்டுகளாக ஐரோப்பாவின் விளிம்பில் கிடந்த ஒரு நாட்டை, சர்வாதிகாரத்தால் நாற்பது ஆண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு நாட்டை, இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் மேசையில் உட்காரவைத்தார். 1985 ஜூன் 12 அன்று மாட்ரிட் அரண்மனையின் தூண் மண்டபத்தில் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஸ்பானியர் நால்வரில் அவரும் ஒருவர். மூன்றே வாரங்கள் கழித்து அவர் அமைச்சர் இல்லை.

இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துவைத்துப் பார்க்கும்போதுதான் மொரானின் வாழ்க்கை புரியத் தொடங்கும். எந்தக் குணம் அவரை அந்த மண்டபம் வரை கொண்டுபோனதோ, அதே குணம்தான் அவரை வெளியேற்றியது என்பது என் எண்ணம்.

1926-இல் வடக்கே அஸ்தூரியாஸ் பகுதியில், அவிலேஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர் மொரான். அவருக்குப் பத்து வயதாகும்போது உள்நாட்டுப் போர் தொடங்கியது. பதின்மூன்று வயதில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி நிலைத்தது. சட்டம் படித்தார், பாரிஸிலும் லண்டனிலும் மேற்படிப்பு. பிறகு தேர்வு எழுதி வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். ஸ்பெயினில் இந்தத் தேர்வு கடுமையானது. பல ஆண்டுகள் வீட்டில் அடைந்து படித்து எழுதுவார்கள். தேறியவர் வாழ்நாள் முழுதும் அந்தப் பணியின் உறுப்பினர். அரசியலுக்குப் போனாலும் அவருடைய இடம் அங்கே காத்திருக்கும். ஸ்பானிய அமைச்சரவைகளில் தொழில்முறைத் தூதர்கள் அடிக்கடி தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். மொரானுக்கு முன் மார்செலினோ ஒரேஹா, பின் கார்லோஸ் வெஸ்டென்டோர்ப், மிகெல் ஆஞ்ஹெல் மொராத்தினோஸ், அல்ஃபோன்சோ தாஸ்திஸ், இன்று ஹோசே மனுவெல் அல்பாரெஸ் என்று அந்த வரிசை நீளும்.

ஆனால் மொரான் சேர்ந்தது ஃபிராங்கோவின் அரசில். அதே அரசை வெறுத்த சோஷலிஸ்டும் அவர்தான். இதை இரட்டை வேடம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தலைமுறையில் நாட்டைவிட்டு வெளியேறாத எதிர்ப்பாளர்கள் பலரும் ஏதோ ஓர் அரசு நாற்காலியில் உட்கார்ந்துதான் காலத்தைக் கடந்தார்கள். மொரானின் அரசியல் ஆசானான என்ரிகே தியெர்னோ கால்வான் சலமான்கா பல்கலைக்கழகப் பேராசிரியர். மாணவர் போராட்டத்தை ஆதரித்ததற்காக 1965-இல் அந்தப் பதவி பறிக்கப்பட்டது. அவரைச் சுற்றித் திரண்ட சிறிய சோஷலிசக் குழுவில், பின்னர் மக்கள் சோஷலிஸ்டு கட்சி ஆன அந்தக் குழுவில், மொரானும் இருந்தார். நாவல் எழுதுவார், கட்டுரை எழுதுவார். பகலில் வெளியுறவு அமைச்சகத்தின் கோப்புகளைப் பார்ப்பார்.

புவெனஸ் ஐரிஸ், பிரிட்டோரியா, லிஸ்பன், லண்டன் என்று அவர் பணியாற்றிய ஊர்களைச் சற்று கவனித்தால் ஒன்று தெரியும். லத்தீன் அமெரிக்கா, நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்கா, பக்கத்து வீட்டு சர்வாதிகாரமான போர்ச்சுகல், அதன்பிறகுதான் பிரிட்டன். வாஷிங்டன் இல்லை. உலகத்தை அவர் தெற்கிலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டார்.

அந்தப் பார்வையை இன்னும் கூர்மையாக்கியது ஆப்பிரிக்கா. 1960-களில் அமைச்சகத்தின் ஆப்பிரிக்க விவகாரங்களைக் கவனித்தவர்களில் அவர் முக்கியமானவர். கினி வளைகுடாவில் ஸ்பெயினுக்கு ஒரு சிறிய காலனி இருந்தது. ஃபிராங்கோவின் அமைச்சரவையே இந்த விஷயத்தில் இரண்டாகப் பிளந்திருந்தது: காலனியைக் கொடுத்துவிட்டு ஐ.நா.வில் நல்ல பெயரையும், பிரிட்டன் வசம் இருந்த ஜிப்ரால்டரைக் கேட்கும் வழக்கில் வலுவையும் சம்பாதிக்கலாம் என்றார் வெளியுறவு அமைச்சர் ஃபெர்னான்டோ மரியா காஸ்தியெல்லா. கொடுக்கவே கூடாது என்றார் ஃபிராங்கோவின் வலது கை கரேரோ பிளான்கோ. காஸ்தியெல்லா பக்கம் வென்றது. 1968 அக்டோபர் 12 அன்று எக்குவடோரியல் கினி சுதந்திரம் பெற்றது. ஆனால் முதல் அதிபர் மசியாஸ் கொடுங்கோலராக மாறினார். 1971-இல் ஸ்பானிய அரசு தன் பத்திரிகைகள் கினியைப் பற்றி எழுதுவதையே தடைசெய்து, அந்த நாட்டைப் பற்றிய செய்திகளை அரசு ரகசியமாக்கியது. ஒரு நாட்டுக்குக் கொடி ஏற்ற உதவியவர்கள், அதன் மக்கள் கொல்லப்படுவதைத் தம் நாட்டுச் செய்தித்தாளில்கூடப் படிக்க முடியாத நிலை. காகிதத்தில் எழுதும் சுதந்திரமும் வாழ்க்கையில் கிடைக்கும் சுதந்திரமும் வேறு என்பதை அறிய இதைவிடக் கசப்பான பாடம் ஒரு தூதருக்குக் கிடைத்திருக்காது.

1975-இல் ஃபிராங்கோ இறந்தார். தியெர்னோவின் கட்சி 1977 தேர்தலில் ஆறு இடங்களே பெற்றது. அடுத்த ஆண்டு ஃபெலிபே கோன்சாலஸின் சோஷலிஸ்டு தொழிலாளர் கட்சியோடு இணைந்தது. மொரான் அஸ்தூரியாஸிலிருந்து செனட்டுக்குப் போனார். 1980-இல் ஸ்பெயினின் வெளியுறவுக் கொள்கை எப்படி இருக்க வேண்டும் என்று விரிவாக ஒரு நூல் எழுதினார். எதிர்க்கட்சி வரிசையில் அந்தத் துறையை அவரளவுக்கு அறிந்தவர் யாரும் இல்லை. 1982 அக்டோபர் 28 தேர்தலில் கட்சி 350-இல் 202 இடங்களை அள்ளியபோது, நாற்பது வயதுப் பிரதமர் தம்மைவிடப் பதினாறு வயது மூத்த இந்தத் தூதரை வெளியுறவு அமைச்சராக்கி, அந்த அமைச்சகம் இயங்கிய மாட்ரிடின் சாந்தா குருஸ் மாளிகைக்கு அனுப்பினார்.

அவருடைய கருத்தை எளிமையாகச் சொல்லிவிடலாம். ஸ்பெயின் மேற்கத்திய நாடு, அதில் சந்தேகமில்லை. ஆனால் மேற்கத்திய நாடாக இருப்பதற்கு அமெரிக்காவின் நிழலில் நிற்க வேண்டியதில்லை. ஸ்பெயினின் எடை அதன் நில அமைப்பிலும் மொழியிலும் இருக்கிறது: ஜிப்ரால்டர் நீரிணை, எதிர்க்கரையில் மொரோக்கோ, அட்லாண்டிக்கின் மறுபுறத்தில் ஸ்பானிய மொழி பேசும் கண்டம். இந்த மூன்றையும் அடகுவைக்காமல் ஐரோப்பாவுக்குள் போக வேண்டும். இதைத்தான் அவர் தன்னாட்சிக்கான இடைவெளி என்று பேசிவந்தார். பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்புக்கு அவர் வைத்த தலைப்பின் பொருளும் இதுவே: தன் இடத்தில் ஸ்பெயின்.

முதல் வாரமே வேலை தொடங்கியது. 1982 மே மாதம்தான் முந்தைய அரசு நாட்டை அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேர்த்திருந்தது. டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் கூடிய நேட்டோ அமைச்சர்களிடம், ராணுவக் கட்டமைப்பில் இணையும் வேலையை ஸ்பெயின் நிறுத்திவைக்கிறது என்று மொரான் அறிவித்தார். அதே டிசம்பர் 15-ஆம் தேதி நள்ளிரவில் ஜிப்ரால்டரின் இரும்புக் கதவு நடந்து செல்வோருக்குத் திறந்தது.

அந்தக் கதவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1713 உத்ரெக்ட் ஒப்பந்தத்தில் ஸ்பெயின் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்த பாறை ஜிப்ரால்டர். ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 1969 ஜூனில் ஃபிராங்கோ எல்லைக் கதவை மூடினார். படகுப் போக்குவரத்தும் தொலைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. லா லினேயா என்ற பக்கத்து ஊரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் வேலை இழந்தார்கள். இரண்டு பக்கமும் கல்யாணம் செய்து கலந்திருந்த குடும்பங்கள் வேலியின் இருபுறமும் நின்று, பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டி, கத்திப் பேசினார்கள். நடந்தால் சில நிமிடத் தூரம். போய்ச்சேர வேண்டுமென்றால் கப்பலேறி மொரோக்கோவின் டான்ஜியர் போய், அங்கிருந்து இன்னொரு கப்பலில் திரும்ப வேண்டும். பதின்மூன்று ஆண்டுகள் இந்தக் கொடுமை நடந்தது. இறையாண்மை என்ற சொல்லை மேடையில் முழங்குகிறவர்கள் அந்த வேலியோரம் ஒரு நாள் நின்றிருக்க வேண்டும்.

ஜிப்ரால்டர் ஸ்பெயினுடையது என்பதில் மொரானுக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் முற்றுகையால் அந்த மக்கள் ஸ்பெயினை மேலும் வெறுத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1984 நவம்பர் 27 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹவ் என்பவரோடு மொரான் பிரஸ்ஸல்ஸ் பிரகடனத்தில் உடன்பட்டார்: எல்லை முழுவதும் திறக்கும், இருபுறத்து மக்களுக்கும் சம உரிமை, பேச்சுவார்த்தையில் இறையாண்மைப் பிரச்சினைகளும் இடம்பெறும். பிரிட்டன் அந்தச் சொல்லை ஏற்றது பெரிய விஷயம். 1985 பிப்ரவரி 5 அன்று வண்டிகளும் போகத் தொடங்கின. அதே மாதம் ஹவிடம் மொரான் கொடுத்த யோசனையில் கூட்டு இறையாண்மை, குத்தகை ஆகிய வழிகள் இருந்தன. பிரிட்டன் அவற்றை ஏற்கவில்லை. எல்லை மட்டும் திறந்தே இருந்தது.

மனிதாபிமானத்தோடு இன்னொரு கணக்கும் இதில் உண்டு. ஐரோப்பியச் சமூகத்தில் உறுப்பினராகப் போகும் நாடு, இன்னொரு உறுப்பு நாட்டின் ஆட்சிப்பகுதிக்கு எதிரே வேலி போட்டு உட்கார முடியாது. பிரிட்டனின் ஒப்புதல் இல்லாமல் ஸ்பெயின் உள்ளே வரவும் முடியாது. கதவைத் திறந்தது அந்தப் பெரிய கதவுக்கான சாவியும்கூட.

அந்தப் பெரிய கதவின் கதை நீண்டது. 1962 பிப்ரவரியில் காஸ்தியெல்லா, இணைப்புக்கான பேச்சைத் தொடங்கக் கேட்டு, ஐரோப்பியச் சமூகத்தின் அலுவலகங்கள் இருந்த பிரஸ்ஸல்ஸுக்குக் கடிதம் எழுதினார். சர்வாதிகார நாட்டுக்கு இடமில்லை என்பதே ஐரோப்பாவின் மனநிலை. 1977 ஜூலையில், முதல் சுதந்திரத் தேர்தல் முடிந்த சூட்டோடு, ஒரேஹா முறையாக விண்ணப்பித்தார். 1979 பிப்ரவரியில் பேச்சு தொடங்கியது. மறு ஆண்டே பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேங் தடை போட்டார்: சமூகம் முதலில் தன் வரவுசெலவுச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளட்டும், விரிவாக்கம் பிறகு என்றார். அவருக்குப் பின் வந்த மித்தரான் சோஷலிஸ்டு என்றாலும், தெற்குப் பிரான்ஸின் திராட்சை, பழ, காய்கறி விவசாயிகளும் வாக்காளர்கள்தானே. எல்லையில் ஸ்பானிய லாரிகளை மறித்துச் சரக்கைக் கொட்டினார்கள், வண்டிகளைக் கொளுத்தினார்கள்.

கடலில் நிலைமை இன்னும் மோசம். 1984 மார்ச்சில் பிஸ்கே வளைகுடாவில் பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல் இரண்டு ஸ்பானிய மீன்பிடிப் படகுகள்மீது சுட்டது. பல மீனவர்கள் காயமடைந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே குடும்பமாகப் போகிற இரண்டு நாடுகளுக்கு இடையே நடந்தது இது. ஸ்பெயினின் மீன்பிடிக் கப்பல் கூட்டம் அவ்வளவு பெரிது. அது உள்ளே வந்தால் தங்கள் கடல் காலியாகிவிடும் என்று பிரான்ஸும் அயர்லாந்தும் பிரிட்டனும் நடுங்கின.

1984 ஜூனில் பிரான்ஸின் ஃபோன்டேன்ப்ளோவில் நடந்த உச்சிமாநாட்டில், சமூகத்துக்குத் தான் கட்டும் பணம் அதிகம் என்ற பிரிட்டனின் தகராறு தீர்ந்தது. 1986 ஜனவரி 1 என்று விரிவாக்கத்துக்கு நாளும் குறித்தார்கள். அதன்பின் பிரஸ்ஸல்ஸில் மாரத்தான் பேச்சுகள். விவரங்களைத் தாங்கியவர் ஐரோப்பிய விவகாரச் செயலர் மனுவெல் மாரின். இரவிரவாக அமைச்சர்கள் மேசையில் உட்கார்ந்திருந்தவர் மொரான். மது எவ்வளவு, ஆலிவ் எண்ணெய் எவ்வளவு, கேனரித் தீவுகளுக்கு என்ன விலக்கு, ஒரே நேரத்தில் எத்தனை படகுகள் வலை வீசலாம்? கடைசியில் சமூகத்தின் அட்லாண்டிக் கடல்பகுதிக்கு 300 படகுகளின் பட்டியல், ஒரே நேரத்தில் 150 மட்டுமே என்று முடிந்தது. காய்கறி, பழத்துக்குப் பத்தாண்டுக் காத்திருப்பு. ஸ்பானியத் தொழிலாளர்கள் தடையின்றிச் சென்று வேலை செய்ய ஏழாண்டு. இத்தாலிய வெளியுறவு அமைச்சர் ஜூலியோ அந்த்ரெயோத்தி தலைமை வகித்த கூட்டத்தில், 1985 மார்ச் 29 அதிகாலை, உடன்பாடு எட்டியது. தனக்கு மத்தியதரைக் கடல் உதவித் திட்டம் கிடைக்காமல் யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று நின்ற கிரீஸும் அந்த வாரமே இறங்கிவந்தது.

நல்ல ஒப்பந்தமா? மீனவர்களைக் கேட்டால் இல்லை என்பார்கள். கலீசியாவின் பால் விவசாயிகளும் இல்லை என்பார்கள். பின்னால் வந்தவன் முன்னால் எழுதிய சட்டத்தை ஏற்றுத்தான் ஆக வேண்டும். அந்த வகையில் ஸ்பெயின் கொடுத்தது அதிகம். ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகளில் அந்நாட்டின் சாலைகளையும் ரயில் பாதைகளையும் ஐரோப்பிய நிதி எப்படி மாற்றியது என்று பார்த்தவர்கள், அன்று எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்களைக் குறைசொல்ல மாட்டார்கள்.

ஜூன் 12. காலையில் லிஸ்பனில் போர்ச்சுகல் கையெழுத்திட்டது, மாலையில் மாட்ரிடில் ஸ்பெயின். கோன்சாலஸ், மொரான், மாரின், தூதர் கேப்ரியல் ஃபெர்ரான் என்று நான்கு பேனாக்கள். அதே நாளில் அதே நகரில் பாஸ்க் தீவிரவாத அமைப்பான ஈடா ஒரு ராணுவக் கர்னலையும் அவருடைய ஓட்டுநரையும் சுட்டுக் கொன்றது. குண்டைச் செயலிழக்கச் செய்யப்போன போலீஸ்காரர் ஒருவரும் இறந்தார். துக்கமும் கொண்டாட்டமும் ஒரே நாளில் வந்தன.

ஜூலைத் தொடக்கத்தில் கோன்சாலஸ் அமைச்சரவையை மாற்றினார். பொருளாதார அமைச்சர் மிகெல் போயர் வெளியேறினார். மொரானும் நீக்கப்பட்டார்.

காரணம் நேட்டோ. எதிர்க்கட்சியாக இருந்தபோது சோஷலிஸ்டுகளின் முழக்கம் "ஓத்தான், தெ என்த்ராதா நோ". ஓத்தான் என்பது நேட்டோவின் ஸ்பானியப் பெயர். "தெ என்த்ராதா" என்றால் முதற்கட்டமாக என்றும் பொருள். நுழைவு என்ற சொல்லும் அதற்குள் இருக்கிறது. முதலில் வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று படிப்பவரும் படிக்கலாம், உள்ளே போகவே வேண்டாம் என்று படிப்பவரும் படிக்கலாம். ஆட்சிக்கு வந்த கோன்சாலஸ் மெல்ல முதல் பொருளின் பக்கம் நகர்ந்தார். 1983 மே மாதம் மேற்கு ஜெர்மனியின் தலைநகரான போன் நகரில், அமெரிக்க ஏவுகணைகளை ஏற்கும் ஜெர்மனியின் நிலையைப் புரிந்துகொள்வதாக அந்நாட்டின் சான்சலர் ஹெல்முட் கோலிடம் சொன்னார். ஐரோப்பிய இணைப்பில் ஜெர்மனி ஸ்பெயினுக்குத் துணை நின்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1984 அக்டோபரில் பாராளுமன்றத்தில் பத்து அம்சத் திட்டம் வைத்தார்: நேட்டோவில் தொடர்வோம், ராணுவக் கட்டமைப்பில் சேர மாட்டோம்.

கோன்சாலஸுக்கு ஐரோப்பாவும் நேட்டோவும் ஒரே கயிற்றின் இரு புரிகள். மொரானுக்கு இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்கு விலையாக மற்றொன்றைக் கொடுக்கத் தேவையில்லை. அவர் வெளிப்படையாகக் கலகம் செய்யவில்லை. தூதரின் பழக்கப்படி கட்டுப்பட்டு நின்றார். ஆனால் மத்திய அமெரிக்கப் போர்களில் வாஷிங்டனின் வழியை விட்டு, மெக்சிகோ, கொலம்பியா, வெனிசுவேலா, பனாமா நடத்திய சமரச முயற்சியை ஆதரித்தார். அரபு நாடுகளின் நட்பை இழக்க விரும்பாதவராகவே இஸ்ரேல் விஷயத்திலும் தெரிந்தார். நேட்டோவில் தொடர மக்களிடம் வாக்குக் கேட்கப்போகும் பிரதமருக்கு, அதை மனமார நம்பாத வெளியுறவு அமைச்சர் சுமையாகிவிட்டார். அவர் இடத்துக்கு வந்த ஃபிரான்சிஸ்கோ ஃபெர்னான்டஸ் ஒர்தோன்யெஸ் காலத்தில், 1986 ஜனவரியில், இஸ்ரேலுடன் தூதரக உறவு ஏற்பட்டது. மார்ச் 12 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 52.5 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

வாக்குச்சீட்டில் மூன்று நிபந்தனைகள் அச்சாகியிருந்தன: ராணுவக் கட்டமைப்பில் சேர்வதில்லை, ஸ்பானிய மண்ணில் அணு ஆயுதம் இல்லை, அமெரிக்கப் படைகளைக் குறைப்பது. நீக்கப்பட்ட அமைச்சரின் கருத்துகள் அந்தச் சீட்டில் உயிரோடு இருந்தன என்று நான் நம்புகிறேன். கோன்சாலஸ் எடுத்த முடிவு தேர்தல் கணக்கில் சரியாக இருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள் அந்த மனிதரை அனுப்பியது நன்றியுள்ள செயல் அல்ல.

மொரான் முணுமுணுக்காமல் நியூயார்க்குக்கு ஐ.நா. தூதராகப் போனார். 1987-இல் ஸ்பெயின் முதன்முறையாக ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு நேரடியாக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தபோது சோஷலிஸ்டுப் பட்டியலின் முதல் பெயர் அவருடையது. 60 இடங்களில் 28 கிடைத்தன. எவரைப் பார்த்து நாடு சிரித்ததோ அவரை முன்னிறுத்தித்தான் கட்சி வாக்குக் கேட்டது. 1999 வரை அங்கே இருந்தார். அந்த ஆண்டு, 73 வயதில், தன் ஆசான் தியெர்னோ ஒருகாலத்தில் அமர்ந்திருந்த மாட்ரிட் மேயர் நாற்காலிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அதே 1999-இல் ஸ்பெயின் நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பிலும் முழுமையாகச் சேர்ந்தது.

2020 பிப்ரவரி 19 அன்று, 93 வயதில், மாட்ரிடில் அவர் காலமானார். அதற்கு மூன்று வாரங்களுக்குக் குறைவாக முன்பு, ஜனவரி 31 நள்ளிரவில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியிருந்தது. ஜிப்ரால்டர் வேலி மீண்டும் ஐரோப்பாவின் எல்லையாகிவிடுமோ என்ற கவலை லா லினேயாவில் எழுந்தது. தினமும் அந்த வேலியைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

2025 ஜூன் 11 அன்று பிரஸ்ஸல்ஸில் ஒன்றியமும் பிரிட்டனும் ஓர் அரசியல் உடன்பாட்டை அறிவித்தன. வேலியை அகற்றி, மக்கள் சோதனையின்றி நடமாட வழிசெய்வது அதன் நோக்கம். ஸ்பெயின் சார்பில் அங்கே இருந்தவர் வெளியுறவு அமைச்சர் அல்பாரெஸ். அவரும் தேர்வு எழுதி வந்த தூதர். மறுநாள், மாட்ரிட் தூண் மண்டபக் கையெழுத்துக்கு நாற்பது ஆண்டுகள் நிறைந்தன.